அமாவாசையில் தட்டிய மரங்கொத்தி

ஆரணிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், தறிக்காரர்கள் தெருவில் இருக்கிறாள் தெய்வநாயகி. பிழைப்பு பட்டுத்தறி, ஆசை பறவைகள். படவேட்டு அம்மனைக் கும்பிடாமல் தறியில் உட்காரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் தறிப் பக்கமே போகமாட்டாள். ஆரணியில் பேங்க் வேலை பார்க்கும் அன்புச்செல்வனும் கூட்டாளிகளும் பறவை பார்க்கப் போகிற ஏரி, குன்று எல்லாவற்றுக்கும் இவளும் கிளம்பிவிடுவாள்.

தை மாதத்தில் ஒருநாள், தெருவுக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் ஒரு மரங்கொத்தியைக் கண்டாள். பொன்முதுகு மரங்கொத்தி இங்கே உண்டுதான். ஆனால் இதற்குப் பிடரி பால்போல வெளுத்திருந்தது. அந்த வகை இந்தப் பக்கம் குழுவில் யார் கண்ணிலும் பட்டதில்லை.

"உங்களை நம்பாம இல்லக்கா" என்றார் அன்புச்செல்வன். "வெயில் பட்டா சாதா பறவையே அப்படித் தெரியும். இன்னொருத்தர் கண்ணாலயும் பாத்தாத்தான் நம்ம பறவைக் கணக்குல சேரும்."

அம்மன் பேரைச் சொல்லிக் கும்பிடுகிற வாய் பொய் சொல்லுமா? எல்லோரையும் தோப்புக்கு வரச் சொன்னாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் குழு தோப்புக்கு வந்தது. டக் டக் என்று கேட்டதும் தெய்வநாயகிதான் முன்னால் போவாள். முள்ளைத் தாண்டி, மூச்சடக்கிப் போய் நின்றால், எதிரே அதே தெருக்காரி கமலத்தின் வீட்டுப் பின்சுவர். உள்ளே தறி டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

கமலம் ஜன்னலில் தலையை நீட்டினாள். "என்னா தெய்வநாயகி, இன்னைக்கும் என் தறியைப் பாக்கத்தான் வந்துகினு இருக்கிறியா? டிக்கெட் போடட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்புச்செல்வன் மெதுவாக, "அடுத்த வாரத்திலேர்ந்து தேசூர் பக்கம் போலாம்க்கா" என்றார்.

கமலம் விடவில்லை. "அமாவாசைக்கு வாங்க. அன்னைக்குத் தெருவுல எவனும் தறியில உக்கார மாட்டான். உங்க பறவையும் லீவு போடுதான்னு பாக்கலாம்."

கேலிதான். ஆனால் தெய்வநாயகிக்கு அம்மனே வாய் திறந்த மாதிரி இருந்தது.

"சார், அமாவாசை வியாழக்கிழமை வருது. ஒருநாள் லீவு போட்டு வந்துடுங்க. அன்னைக்கும் இல்லன்னா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

அவர் வந்தார். தெய்வநாயகி தலை முழுகி, ஈரக்கூந்தலோடு தோப்பில் நின்றாள். ஒரு தறியும் ஓடவில்லை. வீடுகளில் காக்காய்க்குச் சோறு வைத்துக் கூப்பிடும் குரல்கள் மட்டும் கேட்டு அடங்கின.

டக். டக் டக்.

கமலம் வீட்டுச் சுவரை ஒட்டிய பட்டுப்போன பனைமரம். வாரா வாரம் அவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பிய அதே இடம். அவள் காது ஒருநாளும் தப்பவில்லை. தறிச் சத்தத்தைக் கேட்டதும் யாருமே நிமிர்ந்து பார்க்காமல் போனதுதான் தப்பு. பொன்முதுகும் வெள்ளைப் பிடரியுமாக அது பனையைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.

அன்புச்செல்வன் கேமராவைத் தூக்கினார். "அக்கா," என்றார், "அதேதான்க்கா."

கமலம் எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் சொல்ல ஓடினாள். வேலையில்லாத நாள் அல்லவா, கொஞ்ச நேரத்தில் தெருவே செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடை நடந்து வந்தது. கோயிலில் நிற்பதுபோல வாய் மூடி அண்ணாந்து நின்றார்கள்.

"தள்ளு, தள்ளு" என்று கிசுகிசுத்து முன்னால் வந்தாள் கமலம். "எங்க வூட்டு மரம். நான் நல்லாப் பாக்கணும்."

தெய்வநாயகி தன் பைனாகுலரைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினாள். "டிக்கெட் வேணாம்" என்றாள்.

"இன்னொருத்தர் கண்ணுதானேக்கா கேட்டேன்" என்றார் அன்புச்செல்வன், கூட்டத்தைப் பார்த்தபடி.