அன்றும் சரிதான் என்று சொன்னவர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்கு சூப்பர்வைசராக இருந்தவர் எங்கள் பகுதியில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளரும்கூட. தோலை ஒருமுறை தடவிப் பார்த்தே தழும்பு எங்கே என்று சொல்லிவிடுவார். மைக்கைப் பிடித்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்பார்கள். அவருக்காகத்தான் நான் அந்தக் கட்சியில் சேர்ந்தேன்.

அப்போது டெல்லியில் ஆட்சி எதிரணியின் கையில் இருந்தது. எல்லையில் நம் வீரர்களைச் சுட்ட நாட்டோடு பேச்சுவார்த்தை நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. அன்று சாயங்காலமே அவர் பஸ் நிலையத்தின் எதிரில் ஆர்ப்பாட்டம் நடத்தினார். சுட்டவனோடு கைகுலுக்குவது துரோகம் என்று சிவப்புப் பெயின்ட்டில் தட்டி எழுதியவன் நான்.

மறுநாள் கேன்டீனில் அதே பேச்சு. தையல் பிரிவில் வேலை செய்த ஓர் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபடி மெதுவாகச் சொன்னார்: "பேசட்டும்ணா. பேசினா சுடறது கம்மியாவும் இல்ல? என் தம்பி அங்கதான் நிக்கிறான்."

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் குறைவு. அது தெரிந்திருந்தும் சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார். எதிரியிடம் பேசச் சொல்கிறவர்கள் இந்த நாட்டுச் சோற்றைத் தின்னக்கூடாது என்றார். அக்கா பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களில் ஆட்சி மாறி, எங்கள் கட்சி டெல்லிக்கு வந்தது. எல்லையில் மறுபடியும் துப்பாக்கிச் சூடு, மறுபடியும் சவப்பெட்டிகள். பிறகு ஒருநாள், பிரதமராகியிருந்த எங்கள் தலைவரே அதே நாட்டுக்குப் போய்க் கைகுலுக்கினார். இது ராஜதந்திரம், தெருமுனைக் கூட்டம் போட்டு விளக்குங்கள் என்று மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது. சூப்பர்வைசர் பேச வேண்டிய குறிப்புகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தட்டியில் என்ன எழுதினோம் என்று கேட்டார். அது வேறு, இது வேறு என்றேன்.

"இன்னா வேற? சொல்லு" என்றார்.

நான் குறிப்புகளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

பஸ் நிலையத்தின் எதிரில் நடந்த கூட்டத்தில் அவர் என் காகிதத்தைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. "நம்ம தலைவர் போனது சரி. சண்டைய நிறுத்தணும்னா எதிரிகிட்டதான் பேசணும். அப்பன்னா அன்னிக்கு அவங்க போனதும் சரிதான். அத துரோகம்னு இதே எடத்துல சொன்னது நான். நான் சொன்னது தப்பு" என்றார். பின்னால் நின்ற மாவட்ட நிர்வாகி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். இவர் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் மதியம் கேன்டீனில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நேராக அந்த அக்காவின் மேசைக்குப் போனார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். திட்டியது பத்துப் பேர் முன்னால் என்பதால் மன்னிப்பும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக்கூடாது, மனசில் வைத்துக்கொள்ளாதே அம்மா என்றார்.

அக்கா கையிலிருந்த சோற்றை டிபன் பாக்ஸிலேயே வைத்தார். "தம்பி சர்வீஸ் முடிஞ்சு வந்துட்டான்ணா. நீங்க சொன்னத இதுவரைக்கும் அவன்கிட்ட நான் சொல்லல" என்றார். பிறகு உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினார். இவர் உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

அந்த வாரமே கிளைச் செயலாளர் பதவி போயிற்று. அதை எனக்குத் தருவதாகச் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். அதில் வீரம் எதுவும் இல்லை. அவர் நின்ற இடத்தில் நிற்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். கட்சியை விட்டு விலகுவார் என்று நினைத்தோம். அவர் விலகவில்லை. அடுத்த தேர்தலில் சாதாரண உறுப்பினராகக் கொடியோடு வீடு வீடாகப் போனார். அன்றைக்கு ஒன்று சொன்னீர்களே, இன்றைக்கு ஒன்று சொல்கிறீர்களே என்று யாராவது மடக்கினால், வாசலிலேயே நின்று, தான் எங்கே தவறினேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுக் கேட்டார்.