ரத்தம் போகாத நாட்கள்

காலை ஆறு பத்து. நான் முதலில் பார்த்தது பால் பாக்கெட்டை. மாடிப்படி திரும்பும் இடத்தில், உடையாமல், ஈரம் வடிந்தபடி கிடந்தது. அதற்குக் கீழே என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தார், அது உள்ளே போகவில்லை.

போன வருடம் ஆடி மாதம், ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது.

அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் வேலை. தைத்து ஒட்டி முடித்து வரும் ஷூக்களை மேஜையில் ஜோடியாக வைத்து, இடதும் வலதும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தோலின் நிறம், தையல், குதிகாலின் சரிவு, எதில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். தன் செருப்பின் வாரைக்கூட இரண்டு காலிலும் ஒரே துளையில்தான் மாட்டுவார். கூட வேலை செய்யும் நண்பர் வீட்டுக்கு வந்தால் இதை வைத்தே கிண்டல் செய்வார். "இன்னா அண்ணி, பொண்ணு பாக்க வந்தப்ப உங்க ரெண்டு காலையும் ஜோடி வச்சி செக் பண்ணிட்டுத்தான் ஓகே சொன்னானா?"

ஆறு வருடமாக அவருக்குப் பெருங்குடலில் புண். மலத்தோடு ரத்தம் போகும். முதலில் மூலம் என்று நினைத்து ஆலங்காயம் பக்கம் நாட்டு மருந்து சாப்பிட்டோம். வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெயர் தெரிந்தது. மாத்திரையில் அடங்கும், பிறகு கிளம்பும். அவருக்குப் பஸ் ஏறப் பயம், கல்யாண வீட்டில் சாப்பிடப் பயம். காலையில் கழிவறையிலிருந்து வந்ததும் "இன்னிக்கு கம்மி" என்பார், அல்லது "இன்னிக்கு ஜாஸ்தி" என்பார். எங்கள் வீட்டு வானிலை அறிக்கை அதுதான்.

கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு திறப்பு வைத்து, மலம் சேர அதில் ஒரு பை மாட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் உறையாமல் இருக்க நான்கு வாரம் தினமும் வயிற்றுத் தோலில் ஓர் ஊசி போட வேண்டும் என்று நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிர் போய்விடும்.

அவர் நர்ஸைப் பார்த்துக் கேட்டார். "சிஸ்டர், ஆறு வருஷமா ரத்தம் நிக்கலன்னுதான் இங்க வந்தேன். இப்ப ரத்தம் உறையாம இருக்க ஊசி போடச் சொல்றீங்களே?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "இந்த வியாதி இருக்கிறவங்களுக்கு ரத்தம் கட்டறதும் ஜாஸ்திங்க. ஆபரேஷன் பண்ணா இன்னும் ஜாஸ்தி. நிறுத்திடாதீங்க" என்றார்.

முதல் பத்து நாள் ஒழுங்காகப் போட்டேன். ஒரு நாள் பை மாற்றும்போது, திறப்பின் ஓரத்தைத் துடைத்த பஞ்சில் சிவப்பாக ஒரு தீற்றல் இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "பாத்தியா, மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். துடைக்கும்போது துளி ரத்தம் வருவது சகஜம், நிற்காமல் வந்தால் கூட்டி வாருங்கள், ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்கள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அவங்க சொல்லுவாங்க. அவங்களுக்கா ரத்தம் போச்சு?"

மறுநாள் ஊசியோடு போய் நின்றபோது சட்டையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் செக்கப்புக்குப் போறோம்ல, டாக்டரையே கேட்டுக்கலாம். அதுவரைக்கும் பேஜார் பண்ணாத." கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவருடைய நண்பரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். "இன்னாடா, இத்தினி பெரிய ஆபரேஷனத் தாங்கிட்டு ஊசிக்கு பயப்படற?" என்று அவர் கேட்டார்.

"ஊசிக்கு இல்லடா, ரத்தத்துக்கு" என்றார் இவர்.

அந்த வாரம் அவர் சந்தோஷமாக இருந்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கினார். நடக்கச் சொல்லியிருந்ததால், தெருமுனைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். திருப்பத்தூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, "பஸ்லயே வர்றேன்க்கா, கறி ஆக்கி வை" என்றார். தினமும் காலையும் மாலையும் கால் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். லுங்கியைத் தூக்கிக் காட்டச் சொன்னால், "நான் இன்னா ரிஜெக்ட் ஆன ஷூவா, திருப்பித் திருப்பிப் பாக்க?" என்று சிரித்து மழுப்பினார்.

பால் வாங்கி வந்த அந்தக் காலையில், படியில் என் கையைப் பிடித்து, "முடியல" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அது. கீழ் வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்கினார். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனை வாசலுக்குப் போகும் முன்பே அவர் கை என் கையில் தளர்ந்துவிட்டது. பரிசோதித்த டாக்டர், ஆபரேஷனைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் கேட்டார். பிறகு லுங்கியை விலக்கி இரண்டு கால்களையும் பார்த்தார். இடது காலைத் தொட்டு, "இந்தக் கால் எத்தனை நாளா வீங்கியிருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு வேலூருக்குப் போய்க் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, போட்டவர்களுக்கும் சில சமயம் வரும், ஆனால் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கும் என்றார்கள். கால் வீங்கிய அன்றே வந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். அவரை முட்டாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆறு வருடம் தினமும் காலையில் தன் ரத்தத்தைப் பார்த்து எழுந்தவர் அவர். கண்ணில் பட்டதற்குப் பயந்தார், உள்ளே உறைந்தது அவர் கண்ணில் படவில்லை. அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, வாசலைக் கூட்டப் போனேன். அன்று படியில் கிடந்த அவர் செருப்பைக் கீழ் வீட்டுக்காரர் எடுத்து வந்து கதவோரம் ஜோடியாக வைத்திருந்தார். வலது செருப்பின் வார் எப்போதும் மாட்டும் துளையில் இருந்தது. இடது செருப்பின் வார் தளர்த்தப்பட்டு, கடைசித் துளையில் இருந்தது.