அருள்மணி டீச்சர் வாசித்த பிழைகள்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். எங்கள் பள்ளியின் பழைய எழுத்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "விஷயம் தெரியாதா சார்? அருள்மணி டீச்சர் தவறிட்டாங்க. நேத்தே அடக்கம் பண்ணியாச்சு" என்றார். மீன் வாங்காமலே வீடு திரும்பினேன். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபேரர் பார்க் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய தமிழ்ப் பள்ளியில் அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஐம்பதுகளின் இறுதியில், பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையைப் படிக்கப் போய்வந்தார். "நம் பள்ளியில் அப்படி ஒரு பிள்ளையும் இல்லையே, எதற்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டேன்.

"இல்லைன்னு யாரு பாத்தா சார்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அப்போது என் வகுப்பில் பவானி என்றொரு பெண் இருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள். ஆனால் சொல்வதெழுதுதலில் பாதிக்கு மேல் பிழை. கவனமில்லாதவள் என்று முடிவு கட்டி, பல நாள் அவளைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்திருக்கிறேன். பருவத் தேர்வில் இரண்டாம் முறையும் அவள் தேறாதபோது தலைமையாசிரியர் அவள் தந்தையை வரவழைத்தார். சாங்கி ராணுவ முகாமில் சமையல் வேலை செய்த மனிதர். "படிப்பு ஏறல லா சார். வீட்டு வேலையாவது கத்துக்கட்டும், நிறுத்திடுறேன்" என்றார். நானும் தலையாட்டினேன்.

செய்தி தடுப்பைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஓய்வுவேளையில் அருள்மணி டீச்சர் பவானியின் நோட்டைக் கேட்டு வாங்கினார். தேநீர் ஆறிப்போகும் வரை புரட்டினார்.

"சார், மாமா, மலர், வானம் எல்லாம் சரியா எழுதியிருக்கா. ஊசியை 'ஊயி'ன்னு எழுதுறா. அரிசி 'அரியி', பசி 'பயி'. கவனமில்லாத பிள்ளை இவ்வளவு ஒழுங்காத் தப்பு பண்ணுமா?"

மறுநாள் தந்தையை மீண்டும் வரவழைத்து, அவர் முன்னாலேயே பவானியை உட்கார வைத்து, நோட்டால் தம் வாயை மறைத்துக்கொண்டு 'ஊசி' என்றார். அவள் 'ஊயி' என்று எழுதினாள். நோட்டை எடுத்துவிட்டு, முகம் பார்த்து மறுபடி சொன்னார். அவள் அந்த உதடுகளையே உற்றுப் பார்த்து, முதல் தடவையாக 'ஊசி' என்று எழுதினாள். மெல்லிய ஒலிகள் மட்டும் அவள் காதுக்கு எட்டவில்லை. மருத்துவமனையிலும் பிறகு அதையே சொன்னார்கள். அன்று தந்தை, "நாளைக்கும் அனுப்புறேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பவானியிடம் கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன் சார்" என்றாள்.

அதன் பிறகு அவளை முன்வரிசையில், வெளிச்சம் என் முகத்தில் விழும் இடத்தில் உட்கார வைத்தோம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை நிறுத்தினேன். காதைவிட உதட்டையே நம்பத் தொடங்கியதாலோ என்னவோ, இப்போது அவள் 'பால்' என்பதை 'மால்' என்று எழுதினாள். டீச்சரிடம் முறையிட்டேன். "கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டையும் சொல்லிப் பாருங்க" என்றார். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். நாற்பது வயதில் அன்றுதான் என் வாயை நான் கவனித்தேன். பவானி அந்த ஆண்டு தேறினாள். அடுத்த ஆண்டு அதே மாலை வகுப்புக்கு நானும் பஸ் ஏறினேன்.

"படிச்சதால எனக்குப் பதில் தெரிஞ்சிடல சார். எங்க பாக்கணும்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்று ஒருமுறை சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பார்வையைத்தான். நான் ஓய்வு பெறப்போகும் இந்த ஆண்டு என் வகுப்பில் ஒருத்தி புத்தகத்தை எப்போதும் சாய்த்துப் பிடித்தே வாசிக்கிறாள். நேராகப் பிடி என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஏனென்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.