இரண்டு விரல் இடைவெளி

குச்சவெளி பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பிள்ளை தாயின் மடியில் நித்திரை. யோகலிங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிள்ளையின் தலை தொங்கி, நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டிருப்பதை அவர் பஸ் ஏறும்போதே கண்டுவிட்டார். உப்புவெளி வரை பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை. “தங்கச்சி, குறை நினையாதேங்கோ” என்று வலக்கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து நீட்டினார். “நாடிக்குக் கீழ இவ்வளவு இடம் இருக்கவேணும். கொஞ்சம் நிமித்திப் பிடியுங்கோ. ஓம், இப்ப பாருங்கோ, முதலாளி எவ்வளவு சுகமா மூச்சு விடுறார்.” அந்தப் பெண் முறைத்தாள். கண்டக்டர்தான் சமாதானம் சொன்னார். “அவர் பிசியோ சேர், அக்கா. சின்னப் பிள்ளையளின்ர கழுத்தைக் கண்டா சும்மா இருக்கமாட்டார்.”

ஆஸ்பத்திரியில் அவருடைய அறைக் கதவில் ‘இயன்மருத்துவர்’ என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லை வாசித்தவர்கள் உண்டு, அப்படிக் கூப்பிட்டவர்கள் இல்லை. ஐம்பத்திரண்டு வயது. தோளில் எந்நேரமும் ஒரு நீலத் துவாய். ஆறிப்போன பிறகே ஞாபகம் வரும் ஒரு கோப்பை பிளேன்ரீ. கொழும்பில் இருதய ஒப்பரேஷன் முடிந்து திரும்புகிற கைக்குழந்தைகள் இங்கே சில நாள் தங்கித்தான் மூச்சைத் தேற்றிக்கொள்கிறார்கள். அவர்களை எப்படிப் படுக்கவைப்பது, எப்போது பக்கம் திருப்புவது, எப்படித் தூக்குவது என்பதெல்லாம் யோகலிங்கத்தின் இராச்சியம். அங்கே எல்லாக் குழந்தைக்கும் ஒரே பெயர்தான். “முதலாளி இண்டைக்கு என்ன சொல்றார், கஜந்தி மிஸ்?” என்று கேட்டுக்கொண்டே வாட்டுக்குள் நுழைவார். “கந்தோர் இன்னும் திறக்கேல்லையாம், சேர், அலுவல் ஒண்டும் பாக்கேலாதாம்” என்பாள் தாதி கஜந்தி, பால் குடித்துவிட்டு உறங்கும் குழந்தையைப் பார்த்தபடி.

வீட்டில் அவர் பெயர் வேறு. பிள்ளைகளுக்கு அணை கொடுக்கத் துவாய் சுருட்டுகிற பழக்கத்தில், கலியாண வீட்டுக்குப் போனாலும் மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும் மனிதரை மனைவி புஸ்பராணி ‘சுருட்டுக்காரர்’ என்பாள். அவளுக்கு இன்னொரு முறைப்பாடும் உண்டு. இவர் இருந்தபடியே நித்திரை கொள்ளக்கூடிய மனிதர். கதிரையில் சாய்ந்தால் ஐந்தாவது நிமிடம் குறட்டை. “ஊர்ப் பிள்ளையளின்ர நாடியெல்லாம் நிமித்துறார். தன்ர நாடி நெஞ்சில கிடக்குது. ஊருக்குத்தான் உபதேசம்.” யோகலிங்கம் மறுத்துப் பேசமாட்டார். பேசுவதற்குள் தூங்கிவிடுவார்.

இறக்கக்கண்டி லாபிரின் மகன் பஸ்லான் வந்தபோது அவனுக்கு மூன்று மாதம். இருதயத்தில் இருந்த ஓட்டையைக் கொழும்பில் அடைத்திருந்தார்கள். நெஞ்சின் நடுவே ஒரு விரல் நீளத் தையல், மூக்கில் ஒட்சிசன் குழாய். ஓட்டை அடைபட்டாலும் மூச்சு இன்னும் சோம்பல். வியாழக்கிழமை காலை பெரிய டொக்டர் சொல்லிவிட்டார்: நாளைக்குக் குழாயைக் கழற்றிப் பார்ப்போம், தாங்கினால் வீடு, தாங்காவிட்டால் திரும்பவும் கொழும்பு. கொழும்பு என்றதும் தாய் நப்லாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மத்தியானம் நப்லா தொழப் போயிருந்தாள். பிள்ளை சிணுங்கத் தொடங்கினான். லாபிர் கடல் தொழிலாளி. கிழிந்த வலை பொத்துகிற கை சும்மா இருக்குமா? இறக்கக்கண்டியில் துணி ஏணையில் ஆடாமல் வளர்ந்த பிள்ளை எங்கே இருக்கிறது? நப்லாவின் சால்வையைத் தொட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளிலும் இழுத்துக் கட்டி, மகனை அக்குளில் பிடித்துத் தூக்கி அதற்குள் கிடத்தி, மெல்ல ஆட்டினான். பத்து நாளாகச் சரியாக உறங்காத பிள்ளை உடனே உறங்கினான். ஆனால் தொண்ணூற்றாறில் நின்ற ஒட்சிசன் கணக்கு எண்பத்து நாலுக்கு இறங்கி, மெசின் கத்தத் தொடங்கியது.

கஜந்தி ஓடிவந்தாள். அவளுக்கு முன்னே யோகலிங்கம் வந்துவிட்டார். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். தாம்பாளம் தூக்குவதுபோல் பிள்ளையை எடுத்து, சால்வையைத் தள்ளிவிட்டு, மெத்தையில் கிடத்தினார். நீலத் துவாய் சுருண்டு தோளுக்கடியில் போனது. இரண்டு விரல் நாடியை நிமிர்த்தியது. எண்பத்து நாலு. எண்பத்து நாலு. எண்பத்தேழு. வாட்டையே சிரிக்கவைக்கிற மனிதர் அந்த நேரத்தில் ஒரு பகிடியும் விடவில்லை. தொண்ணூற்றைந்து வந்த பிறகுதான் நெற்றியைத் துடைக்கத் தோளைத் தடவினார். துவாய் அங்கே இல்லை.

லாபிர் சுவரோடு ஒட்டி நின்றான். “எண்ட புள்ளய நானே கெடுத்துப் போட்டன், சேர்.”

யோகலிங்கம் சால்வையின் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “முடிச்சு நல்ல முடிச்சு, தம்பி. அவிழ்க்க ஏலாமக் கிடக்கு. ஏணைக்குள்ள பிள்ளை வளைஞ்சு போகும், நாடி நெஞ்சில இறங்கும், மூச்சுக் குழல் மடிஞ்சுபோகும். அதை நிமித்திற பெலன் இவருக்கு இன்னும் வரேல்ல.”

“இனிக் கொழும்புதானா?”

“நடந்ததை டொக்டரிட்ட மறைக்க ஏலாது. ஞாயிறு வரைக்கும் பொறுங்கோ எண்டு நான் கேட்டுப் பாக்கிறன். ஆனா அதுவரைக்கும் முதலாளியைத் திருப்பிப் படுக்கவைக்கிற வேலை எனக்கில்லை. உங்களுக்கு.”

டொக்டர் ஏசினார், பிறகு சம்மதித்தார். லாபிர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தான் உடுக்கிற சாரம் ஒன்றைச் சுருட்டிப் பிள்ளையைச் சுற்றி வளைத்து வைத்தான். அலையில் தோணி ஆடாமல் அணைத்துக் கட்டுகிற அதே கவனம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். அக்குளில் பிடித்துத் தூக்கினால் வெட்டிய நெஞ்செலும்பு பிரியும், பொருந்த ஆறு வாரம் வேண்டும் என்பது அவனுக்கு இப்போது தெரியும். யோகலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். “வீட்டில இந்தச் சுருட்டு ஒண்டும் வேணாம். அங்க மெசின் இல்ல. தட்டையான மெத்தை, மல்லாக்க, தலையணை இல்ல.” இதை அவர் ஒன்பது தரம் சொன்னார். பத்தாவது தரம் நப்லா முந்திக்கொண்டு சொல்லிக் காட்டினாள்.

ஞாயிறு காலை குழாயைக் கழற்றினார்கள். தொண்ணூற்று நாலு என்றது மெசின். லாபிர் கதிரையில் இருக்கவில்லை, சோறு தின்னவில்லை. மத்தியானம் தொண்ணூற்றைந்து. திங்கட்கிழமை அதே நேரம் தொண்ணூற்றேழு. பஸ்லான் கொட்டாவி விட்டான். “கந்தோர் திறந்தாச்சு, சேர்” என்றாள் கஜந்தி, மெசினை நிறுத்திக்கொண்டே.

வீட்டுக்குப் போகையில் பஸ்ஸில் சனத்தின் இருமலுக்கும் தடிமனுக்கும் நடுவே போகக் கூடாது என்று ஓட்டோ பிடிக்கவைத்தவர் யோகலிங்கம்தான். நிலாவெளியில் அவருடைய வீடும் வழியில்தான் என்று அவரையும் இழுத்து ஏற்றிக்கொண்டார்கள். பஸ்லான் லாபிரின் மடியில், ஒரு கை தலைக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில். உப்புவெளி தாண்டும்வரை யோகலிங்கம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். சாம்பல்தீவுப் பாலத்தில் அவருக்கே கண் செருகியது. நாடி நெஞ்சில் முட்ட, குறட்டை கிளம்பியிருந்தது.

“நப்லா, புள்ளயப் பிடி. கீழால கை வை” என்றான் லாபிர். பிறகு வலக்கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, பிசியோ சேரின் நாடிக்குக் கீழே கொடுத்து, மெல்ல நிமிர்த்தி, நிலாவெளி வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.