வார்ஃபரினும் முருங்கைக் கீரையும்

இந்த நாட்டில் உங்களைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, கிளினிக்கின் மூன்றாம் அறையில், மார்கரெட் என்ற நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, "உங்கள் விரலைத் தொடலாமா?" என்பார். ரத்தம் கொடுக்கத்தானே வந்திருக்கிறேன், இதற்கு என்ன அனுமதி என்று முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். அது சம்மதமா மறுப்பா என்று புரியாமல் அவர் ஊசியோடு காத்திருந்தார். நான் வாயைத் திறந்து "யெஸ்" என்ற பிறகுதான் விரலைப் பிடித்தார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டே பேசினார். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு ரத்தம் சட்டென்று நிற்காது. ஆகவே கொஞ்ச நேரம் பேசினோம்.

நான் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். உதவித்தொகையில் இன்ஜினியரிங் முடித்து, கம்ப்யூட்டர் தெரிந்தவர்களைக் கொத்துக் கொத்தாக விமானம் ஏற்றிய வருடங்களில் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊருக்கு வந்து சேர்ந்தேன். மனைவி செல்வி இரண்டு குளிர்காலம் இருந்து பார்த்தாள். தஞ்சாவூரில் அவளுக்கு அரசுப் பள்ளி வேலை. விடுப்பு முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் மேல் தப்பில்லை. நானும் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் சம்பளத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அதைச் செல்வியிடம்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு விமானப் பயணத்தில் பத்து மணி நேரம் காலை மடக்கியபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. சதைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். ஐந்தாம் நாள் படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரல்வரை போயிருந்தது. என் ரத்தம் பிறவியிலேயே சுலபமாக உறையும் ரகம், ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும் என்றார்கள். அதே ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் எக்கச்சக்கம், அதற்கு ஸ்டாடின் என்று இன்னொரு மாத்திரை. செல்வியிடம் கொலஸ்ட்ராலை மட்டும் சொன்னேன். நம் ஊரில் ஐம்பதை நெருங்கியவனுக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் என்று ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் பேசுவதற்கே விஷயம் இருக்காது. ரத்தக்கட்டு அப்படியில்லை. அதைக் கேட்டால் அடுத்த விமானத்தில் வரச்சொல்லி அழுவாள்.

வார்ஃபரின் பிடிவாதமான மருந்து. பழுப்பு மாத்திரை ஒரு மில்லிகிராம், நீலம் மூன்று, இளஞ்சிவப்பு ஐந்து. ரத்தம் உறையும் கணக்கை அளந்து ஓர் எண் சொல்வார்கள். அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் மறுபடி உறையும். ஒவ்வொரு செவ்வாயும் மார்கரெட் எண்ணைப் பார்த்து, மஞ்சள் புத்தகத்தில் குறித்து, தன் கிழட்டுப் பூனையைப் பற்றி ஒரு செய்தி சொல்வார். வாரத்தின் மற்ற ஆறு நாளும் என்னை எவரும் தொடவில்லை என்பதை ஒரு திங்கட்கிழமை சட்டைக்கு இஸ்திரி போடும்போது கவனித்தேன். நாளைக்குச் செவ்வாய் என்று மனம் துள்ளியது. எனக்கே வெட்கமாக இருந்தது.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது அதிகப்படியாகத் தோன்றலாம். எனக்குப் பத்து வயதில் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல். கடைத்தெருக் கம்பவுண்டரிடம் போனோம். அவர் நாடி பார்க்கவில்லை. நெற்றியைத் தொடவில்லை. வாசலுக்குக் கீழே நின்ற அப்பா இரண்டு கையையும் சேர்த்து ஏந்த, ஒரு முழம் மேலேயிருந்து மாத்திரைகளைப் போட்டார். ஒன்று தவறி மண்ணில் விழுந்தது. அப்பா அதைத் துண்டில் துடைத்து அங்கேயே விழுங்கினார். அந்த மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியாது. அந்த ஒரு முழ உயரம் நன்றாகத் தெரியும். ஒரு வெள்ளைக்காரம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு பூனையின் மலச்சிக்கலைப் பற்றிப் பேசியபோது எனக்கு என்னவெல்லாம் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான்கே மாதத்தில் என் எண் ஒழுங்குக்கு வந்துவிட்டது. "பிரில்லியன்ட்!" என்றார் மார்கரெட். இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். பிறகு நான்கு வாரம், எட்டு வாரம். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதற்குப் பள்ளியைவிட்டு அனுப்புகிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இங்கே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்தும் மளிகைக் கடையில் உறைய வைத்த முருங்கைக் கீரை வந்தது. ஆசைக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் பொரியல் செய்து மூன்று நாள் சாப்பிட்டேன். அடுத்த பரிசோதனையில் எண் ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. பச்சைக் கீரை வார்ஃபரினை முறித்துவிடும். மார்கரெட் முகம் சுருங்க, "மறுபடி வாராவாரம் வர வேண்டும்" என்றார். நான் வருத்தப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அதன் பிறகு எப்போதெல்லாம் தவணை நீண்டதோ, அப்போதெல்லாம் கடைக்குப் போனேன்.

தெரிந்தே செய்தேன். மருந்தோடு வந்த தாளை ஒரு வரி விடாமல் படித்தவன் நான். ஒரு நாள் படியில் கெண்டைக்கால் சுரீரென்று இழுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, செத்தால் கதவைத் தட்டிப் பார்க்கவும் ஆளில்லையே என்று பயந்து நின்றேன். அன்று மாலை போனில் செல்வி கேட்டாள்.

"கீரை சேத்துக்கிறீங்களா?"

"சேத்துக்கிறேன்."

"நல்லா சாப்பிடுங்க. ஒடம்புல ரத்தம் ஊறும். கொலஸ்ட்ராலுக்கும் நல்லதாம், டீச்சருங்க எல்லாம் சொல்றாங்க."

சரி என்றேன். அழுகை வந்தது. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்கரெட் ஒவ்வொரு முறையும் ஸ்பினாச் சாப்பிட்டீர்களா, பிராக்கலி சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார். இல்லை என்பேன். அது பொய்யுமில்லை. கடைசியில் டாக்டர் என் மஞ்சள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். வார்ஃபரின் எனக்கு ஒத்துவரவில்லை. புது மாத்திரை வந்திருக்கிறது. காலை ஒன்று, மாலை ஒன்று. விரலில் குத்த வேண்டாம், எண் பார்க்க வேண்டாம், கிளினிக்குக்கே வர வேண்டாம்.

"என்னிடமிருந்து உங்களுக்கு விடுதலை" என்று மார்கரெட் சிரித்தார். அன்று ஊசி இல்லை, பஞ்சு இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான் ஒரு கீரையைச் சாப்பிட்டேன், இங்கே வருவதற்காகத்தான் சாப்பிட்டேன் என்றேன். என் ஆங்கிலம் அன்று பார்த்து நொண்டியது. அவர் கண்கள் கனிந்தன. "அடடா, உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறீர்கள்! இனிமேல் அந்தக் கீரையை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்றார். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு முருங்கைக் கீரை வாங்கவில்லை.

அந்த வருடம் ஊருக்குப் போனபோது, கொலஸ்ட்ரால் பார்க்கச் சொல்லிச் செல்வி என்னை ஒரு லேபுக்கு அனுப்பினாள். வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுக்கும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். எதுவும் கேட்கவில்லை. என் இடது கையை வெடுக்கென்று இழுத்துத் தன் மேசைமேல் வைத்து, முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள். கேட்காமல் தொடுகிற கை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"வலிக்குதுங்களா சார்? கண்ணு கலங்குதே."

"இல்லைங்க. நல்லா போடுறீங்க."

"எந்த ஊருங்க சார்?"

சொன்னேன்.

"எங்க சித்தியக்கூட அங்கதான் குடுத்துருக்கு. நீங்க எந்தத் தெருங்க?"

இங்கிலாந்தில் இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் கேட்காத கேள்வி அது. லண்டன்காரன் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். "காலனிங்க" என்றேன்.

ஊசியை உருவினாள். பஞ்சை வைத்தாள். "நீங்களே அழுத்திப் புடிச்சுக்குங்க சார்" என்று சொல்லி, கையை எடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறாளா, எனக்கு மட்டும்தானா? எனக்கு முன்னால் போனவரை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும். புது மாத்திரையிலும் ரத்தம் நிற்க நேரமாகிறது. எனக்குப் பின்னால் வந்தவர்களும் எழுந்து போய்விட்டார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில், என் இடது கையை என் வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.