நான்கு மணித் தடிப்பு

தடிப்பு மாலை நான்கு மணிக்கு வரும். முதலில் இடது மணிக்கட்டில், கைக்கடிகாரத்தின் வார் பதியும் இடத்தில், கொசு கடித்தது போல ஒரு சிவப்பு. கோப்பையில் தேநீர் ஆறுவதற்குள் அது முழங்கை வரை படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் வெளுத்து, ஆளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் அரிக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் தோல் துடைத்துவிட்டது போல இருக்கும். வந்து போனதற்குச் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாத அந்த ஒரு குறையால், பதினாறு ஆண்டுகள் பரிமாறிய கை எட்டு மாதங்களாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரிய அலுவலகத்தின் உணவுக்கூடத்தில் அவளைக் கரண்டியக்கா என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். வயது நாற்பத்து நான்கு. நானூறு பேருக்கு மேல் சாப்பிடும் இடம் அது. யாருக்கு உப்பு ஆகாது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதைத் தட்டு நீட்டப்படும் விதத்திலேயே அவள் கண்டுகொள்வாள். ஒருநாள் ஆலோசனைப் பெட்டியில் யாரோ பெயர் போடாமல் ஒரு சீட்டு போட்டார்கள்: "பரிமாறும் பெண்ணுக்குத் தோல் வியாதி. கவனிக்கவும்." ஐந்தே சொற்கள். மறுநாளே மேற்பார்வையாளர் அவளைப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார். தற்காலிகம்தான் என்றார். கொதிக்கும் நீர், நீராவி, முழங்கை வரை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கையுறை. மூன்றுமே தடிப்புக்குத் தீனி.

தெருமுனை மருத்துவர் இதற்குக் காணாக்கடி என்று பெயர் சொல்லி, மாத்திரையும் கொடுத்திருந்தார். ஆனால் வெளி மருத்துவரின் சீட்டு செல்லாது. நிறுவன மருத்துவரே தடிப்பைக் கண்ணால் பார்த்து, இது தொற்றாது என்று எழுதித் தந்தால்தான் பரிமாறும் மேடைக்குத் திரும்ப முடியும். அவர் வருவது செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. அவள் மூன்று முறை போய்வந்தாள். மூன்று சீட்டிலும் ஒரே வாசகம்: "பரிசோதித்தேன். தோலில் ஒன்றும் இல்லை." கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டியபோது, "படத்துல கை மட்டும்தாம்மா இருக்கு. யார் கைன்னு நான் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டுவிட்டார்.

மூன்றாவது சீட்டை அவள் மேற்பார்வையாளரிடம் நீட்டினாள்.

"ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காரே சார், அப்ப நான் முன்னாடி வரலாம்ல?"

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கும்மா மூணு தடவை டாக்டர்கிட்ட போன? ஏதோ இருக்குல்ல? அது என்னன்னு எழுதி வாங்கிட்டு வா."

"அது இருக்கறப்ப அவர் இருக்க மாட்டேங்கறாரு. அவர் இருக்கறப்ப அது இருக்க மாட்டேங்குது."

"அதுக்கு நான் என்ன பண்ண? ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கறதா என் வேலை?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மடித்தால் எழுத்து தேய்ந்துவிடும் என்பதால், அவள் சீட்டை மடிக்காமல், தடிப்பு பற்றிய தாள்களைச் சேர்த்துவைக்கும் நீல உறைக்குள் வைத்தாள். உறையில் அது பதினான்காவது தாள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நாத்தனார் முட்டை என்றாள், இவள் நிறுத்தினாள். மீன் என்றாள், அதையும் நிறுத்தினாள். பிறகு கடலை, பிறகு தக்காளி. ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் விட்டாள் என்று குறிப்பேட்டில் எழுதினாள். தடிப்பு மட்டும் விட்டபாடில்லை. மின்தூக்கி பழுது பார்க்கும் கணவன், தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதித் தருவான். "நேத்து தீவு. இன்னைக்குக் கண்டம். நீ இருக்கறப்ப வீட்டுக்குத் தேசப்படம் எதுக்கு?" என்பான். முன்பெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். இப்போது கையை மட்டும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அரிப்பில் தூக்கம் கெட்டு, சிரிப்பதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

ஒன்பதாவது மாதத் தொடக்கத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். பெரியவர்களில் எத்தனை பேருக்கு நாள்பட்ட தடிப்பு இருக்கிறது, அதனோடு வேறு என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. கட்டடத்தில் ஒருவரையும் விடக்கூடாது என்பதால், செவிலி ஒருத்தி கழுவும் தொட்டி வரைக்கும் வந்து, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் தாளை வைத்துக்கொண்டாள்.

"ஆறு வாரத்துக்கு மேல தடிப்பு வந்து வந்து போயிருக்காக்கா?"

"எட்டு மாசம், பதினொரு நாள்."

செவிலி நிமிர்ந்து பார்த்தாள். "தைராய்டு?"

"ரெண்டு வருஷமா மாத்திரை."

"தூக்கம்?"

"அதை எங்கிட்ட கேக்காத. ராத்திரி முழுக்க என்னோட முழிச்சிருக்கற மனுஷனைக் கேளு."

"கவலை?"

"இருக்கு. இதெல்லாம் இருந்தா இந்தத் தடிப்பு வருமா?"

"கூட இருக்கும்னுதான் சொல்லலாம். இதனாலதான் வருதுன்னு சொல்ல முடியாது. பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் அதிகம். அரிப்பு மாத்திரை எப்பப் போடுவீங்க?"

"நான்தான் மறந்து மறந்து போடுவேன். டாக்டரைப் பாக்கப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியிருந்து மட்டும் கரெக்டா போட்டுருவேன். பச்சைத் தண்ணில குளிச்சு, துவைச்ச துணி உடுத்திட்டுப் போவேன். பெரிய மனுஷன் முன்னால சொறிஞ்சிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

செவிலி பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, திருடன் வந்தான்னு போலீஸைக் கூப்பிட்டு, அவங்க வர்றதுக்குள்ள வீட்டைப் பெருக்கித் துடைச்சு வச்சிருக்கீங்களே!"

அவள் கையுறையை உருவித் தொட்டி ஓரத்தில் போட்டாள். தனக்கு அநியாயம் நடந்தது உண்மை. அதற்குத் தானும் மூன்று முறை துணை போயிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. தெருமுனை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு நான்கு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னாள் செவிலி. உதடோ தொண்டையோ வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

மாத்திரை இல்லாததால், வெள்ளிக்கிழமைக்குள் உடம்பு நேரம் காலம் பாராமல் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. நாற்காலி காலியாக இல்லாததால், காகிதங்கள் நிறைந்த பையை முன்கையில் மாட்டிக்கொண்டு மருத்துவர் அறை வாசலில் நாற்பது நிமிடம் நின்றாள். உள்ளே போய்ப் பையை மேசையில் வைத்தபோது, அதன் கைப்பிடி அழுத்திய இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. அதைச் சுற்றிலும் புதிய தடிப்புகள் எழுந்துகொண்டிருந்தன. மருத்துவர் அவளது மற்றொரு கையில் பேனாவின் மழுங்கிய முனையால் ஒரு கோடு இழுத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, கோடு சிவந்து மேலே எழுந்தது.

"இத்தனை நாளா ஏம்மா காட்டல?"

சொல்வதற்கு எட்டு மாதப் பேச்சு இருந்தது. "தேதியோட மணியையும் போட்டுக் குடுங்க சார்" என்றாள், அவ்வளவுதான்.

மூன்று வரி எழுதித் தந்தார். நாள்பட்ட காணாக்கடி. பிறருக்குத் தொற்றாது. அதிகச் சூட்டையும் இறுக்கமான உடை, கையுறைகளையும் தவிர்க்கவும். கீழே தேதியும் மணியும்: காலை பதினொன்று இருபது.

மேற்பார்வையாளர் அதைக் கையில் வாங்கியதும் தலையாட்டினார். "சரி, திங்கக்கிழமை முன்னாடி வந்துரு. ஆனா மணிக்கட்டுல ரப்பர் வச்ச முழுக்கைச் சட்டை போட்டுக்கோ. பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல."

"மூணாவது வரியைப் படிச்சீங்களா சார்?"

அவர் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். "என்னமோ பண்ணு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதன் நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாக அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அவள் நகர்ந்தாள்.

கணக்கெடுப்பின் முடிவு பிறகு அறிவிப்புப் பலகையில் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஏழு பேருக்கு நாள்பட்ட தடிப்பு. ஏழில் ஐந்து பேர் பெண்கள், நான்கு பேருக்குத் தூக்கக் குறைவு, மூன்று பேருக்குத் தைராய்டு. அன்று அவள் அரைக்கைச் சட்டையில் கரண்டியோடு நின்றாள். பக்கத்து வரிசை அவளுடையதைவிட நீளமாக இருந்தது. எத்தனை பேர் அங்கே மாறிப் போனார்கள் என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றில் நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் எண்ண அலுப்பாக இருந்தது.

தபால் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி கடைசி ஆளாக வந்தாள். தட்டை நீட்டும்போது சட்டைக் கையைச் சற்றே மேலே ஏற்றிக் காட்டினாள்.

"ஏழுல நானும் ஒண்ணுக்கா. யார்கிட்டயும் சொல்லல. என்ன மாத்திரை போடறீங்க?"

"மாத்திரையை டாக்டர் சொல்லுவாரு. போறப்ப குளிச்சு, அலங்காரம் பண்ணிட்டுப் போகாத. இருக்கற மாதிரியே போ." தட்டு நிறைய வைத்தாள். "முட்டையை நிறுத்திட்டியா?"

"மூணு மாசமாச்சு."

"சாப்பிடு முதல்ல" என்று தட்டில் ஒரு முட்டையையும் வைத்தாள்.

தட்டுகளை அடுக்கி முடித்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதினாள்.