வீரபத்திரனுக்குக் கால், என் தம்பிக்குத் தலை

வீரபத்திரனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். லாரி ஏறி முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவனைப் பார்த்து எரிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், என் தம்பி மாரீஸ்வரனோடு ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

இரண்டு பேரும் ஒரே வருசத்தில்தான் அடிபட்டார்கள். வீரபத்திரனை இடித்தது வெளியூர் லாரி. கேஸ் நடந்தது, கோர்ட்டில் நஷ்டஈடு கிடைத்தது. பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்தான். மிச்சத்தை பேங்கில் போட்டு வட்டி வாங்குகிறான். என் தம்பியின் பைக்கை இடித்தது எங்கள் பங்காளி டிராக்டர். சொந்தத்துக்குள் போலீஸ் கேஸ் எதற்கு என்று வீட்டில் கூடிப் பேசி, தானாகவே விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டோம். பங்காளி முதல் மாதத்துச் செலவைக் கொடுத்தான். அதோடு சரி. தலையில் பட்ட அடிக்கு அந்த ஒரு மாதத்தோடு செலவு முடிந்துவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

மாரீஸ்வரன் அருப்புக்கோட்டை கமிஷன் கடையில் எடை போட்டவன். கொத்தமல்லி, மிளகாய் வத்தல் எத்தனை மூட்டை வந்தாலும் விலையை வாயாலேயே கூட்டிச் சொல்வான். இப்போது டீ வாங்க நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினால், மீதியை வழியில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வருகிறான். பழைய முதலாளி இரக்கப்பட்டுத் திரும்ப வேலைக்கு வைத்தார். கோபத்தில் தராசைத் தூக்கி எறிந்தான். அதற்கும் நாங்கள்தான் பணம் கட்டினோம். வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மாதாமாதம் மதுரைக்குப் பஸ்ஸு, டாக்டர், டெஸ்ட்டு. தனியே விட முடியாததால் அவன் பெண்டாட்டி தங்கலட்சுமி மில் வேலையை விட்டாள். அவன் சம்பளத்தோடு அவள் சம்பளமும் போயிற்று. பிறகு ஆடுகள் போயின, அவள் தோடு போயிற்று. பரளச்சியில் மூன்று குறுக்கம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், கரிசல் நிலம் மட்டும் மிஞ்சியது.

ஆளைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. "திடமாத்தான இருக்கான், வேலைக்குப் போகச் சொல்லலாம்ல?" என்று ஊரே கேட்கும். வீரபத்திரன் பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்.

அந்தக் கரிசலை வீரபத்திரனே விலைக்குக் கேட்டான். கூட்டுப் பட்டா என்பதால் என் கையெழுத்து வேண்டும். முடியாது என்றேன்.

"ஏன் அத்தான்?" என்றாள் தங்கலட்சுமி.

"நம்ம மண்ணு அவன் கால் போன காசுக்குப் போகணுமாத்தா?"

"உங்களுக்கு அவுக மேல பொறாம. அதக் கொண்டு போயி மெடிக்கல் கடையில குடுத்தா மாத்திர தருவானா?"

மறுநாள் அவன் கடைக்குப் போனேன்.

"குறுக்கத்துக்கு இருபதாயிரம் கூடப் போடு."

"ஏண்ணே, அங்க என்ன தங்கமா வெளையுது? கருவேலம்ல மண்டிக் கெடக்கு."

"ஒனக்கென்னலே, கால் மேல கால் போட்டு ஒக்காந்து..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "போடுறதுக்கு இன்னொரு கால் எங்கண்ணே இருக்கு?"

அந்தச் சிரிப்பைப் பார்த்தும் எரிச்சல்தான் வந்தது. தன் கதையைத் தானே கேலி பேச அவனுக்குப் புத்தி இருக்கிறது. என் தம்பிக்கு அது எங்கே?

பத்தாயிரம் கூட்டிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டேன். வந்த பணத்தில் பாதி கடனுக்குப் போயிற்று. மீதி, மாத்திரைக்கும் மதுரைப் பயணத்துக்கும் இரண்டு வருசம் தாங்கினால் பெரிது.

ஐப்பசி மழைக்கு வீரபத்திரன் ஆள் வைத்துக் கருவேலத்தை வெட்டி மல்லி விதைத்தான். முளைப்பைப் பார்க்க அவன் வந்த அன்று நானும் அங்கே நின்றேன். ஊன்றுகோல் ஈரக் கரிசலில் புதைந்ததால் பாதையிலேயே நின்றுவிட்டான். அந்த நேரம் அவ்வழியே வந்த ஓர் ஆட்டுக்காரனின் ஆடுகள் மல்லிக்குள் இறங்கின.

"ஏய், எங்க நெலம்லே அது!" மாரீஸ்வரன் கத்திக்கொண்டே பாய்ந்து வந்தான். தினமும் இதுதான் நடந்தது. நிலத்தை விற்றாயிற்று என்று எத்தனை தரம் சொன்னாலும் அவன் மண்டையில் நிற்பதில்லை.

"ஏங்க, அது இப்ப நம்ம நெலம் இல்லங்க, வாங்க!" தங்கலட்சுமி பின்னாலேயே ஓடி வந்தாள்.

வீரபத்திரன் என் தம்பியின் கால்களையே பார்த்தான். "எப்பிடி ஓடுதான் பாருங்கண்ணே" என்றான். இத்தனை வருசமாக நான் அவனைப் பார்த்த பார்வை அது.

பிறகு அவளிடம் சொன்னான்: "விடுங்க தங்கச்சி, ஓடட்டும். எனக்குக் காவலுக்கு ஆள் தேடுற வேல மிச்சம்."

"மிச்சமா? அப்பக் காவக் கூலிய எடு" என்றேன்.

"நானா கூப்பிட்டேன்? அவனாத்தான வாரான்!"

"தானா வந்தா வேல இல்லன்னு ஆயிருமா? ஒங்கிட்ட நஷ்டஈடா கேக்கேன்? கூலிதான கேக்கேன்."

அவன் குறைத்தான், நான் ஏற்றினேன். கடைசியில் மாத்திரைச் செலவில் பாதிக்கு வந்து நின்றது.

"மாசம் பொறந்ததும் தங்கலட்சுமி கையில குடு" என்றேன். "அவங்கிட்டக் குடுத்தா, அந்த ஆட்டுக்காரனுக்கே குடுத்துருவான்."